ரிக்லி ஃபீல்ட் முதல் இரவு ஆட்ட டிக்கெட்: ஆகஸ்ட் 8-ஆ, 9-ஆ?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பதினைந்து வயது மகனுக்கு சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். அதன் மைதானமான ரிக்லி ஃபீல்டின் பெரிய ஆட்டங்களிலிருந்து ஏதாவது சேகரித்துக் கொடுக்கலாம் என்று தேடியபோது, ஈபேயில் 1988 ஆகஸ்ட் 8 தேதியிட்ட டிக்கெட் ஒன்றும் ஆகஸ்ட் 9 தேதியிட்டது ஒன்றும் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டிலும் "ரிக்லியின் முதல் இரவு ஆட்டம்" என்று போட்டிருக்கிறது, இரண்டோடும் "அசல் சான்றிதழ்" வருகிறது. எது பொய், எதை வாங்குவது, பின்னாளில் விலை ஏறி மகன் படிப்புக்கு உதவுமா? கேள்வி இப்படி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பொருள் அந்த நாளில் அந்த மைதானத்தில் இருந்தது என்று விற்பவர் சொன்னால் எதை வைத்து நம்புவது?

பதிலுக்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வியாபாரி இல்லை. நூலகம் ஒன்றில் பழைய காகிதங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன், கூடவே ரிக்லி சம்பந்தப்பட்ட டிக்கெட், ஸ்கோர்கார்டு எல்லாம் சேர்க்கும் பழக்கமும் உண்டு. அதனால் காகிதம் என்றால் தைரியமாகப் பேசுவேன். கையெழுத்து அசலா போலியா என்று கேட்டால் ஒதுங்கிக்கொள்வேன், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் இரண்டு டிக்கெட்டுகள். தேதி விஷயத்தில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ரிக்லி 1914-ல் திறந்த மைதானம். மற்ற பெரிய லீக் மைதானங்கள் எல்லாம் 1940-களுக்குள் விளக்குப் போட்டுவிட்டன, இங்கே மட்டும் அதற்கப்புறம் நாற்பது வருடம் பகலில்தான் ஆட்டம். 1941-லேயே விளக்கு போடுவதற்கான சாமான்களை முதலாளி பி.கே. ரிக்லி வாங்கி வைத்திருந்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அத்தனையையும் போருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு, சட்டத் தடை என்று இழுத்து இழுத்து, ஒருவழியாக 1988 ஆகஸ்ட் 8-ஆம் தேதி விளக்கைப் போட்டார்கள். எதிரணி ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ். கப்ஸின் ரிக் சட்கிளிஃப் பந்து வீச, ஃபிலீஸின் முதல் ஆட்டக்காரரான ஃபில் பிராட்லி எடுத்த எடுப்பிலேயே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்தார். கப்ஸ் பக்கம் ரைன் சாண்ட்பெர்க் ஒன்று அடித்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட வேண்டிய ஆட்டத்தில் மூன்றரை இன்னிங்ஸ் முடிந்தபோது மழை கொட்டி ஆட்டம் நின்றது, கடைசியில் ரத்தானது. அன்றைய விதிப்படி ஐந்து இன்னிங்ஸ் எட்டாத ஆட்டம் கணக்கில் சேராது (உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை போதும்) என்பதால் அன்றைய ஹோம் ரன்கள் இரண்டும் எந்தப் புள்ளிவிவரத்திலும் கிடையாது. மறுநாள் 9-ஆம் தேதி நியூயார்க் மெட்ஸுடன் ஆடி 6-4 என்று கப்ஸ் ஜெயித்ததுதான் அதிகாரபூர்வமான முதல் இரவு ஆட்டம், ரிக்லியின் முதல் இரவு ஹோம் ரன் என்று பதிவானதும் அன்று மெட்ஸின் லெனி டைக்ஸ்ட்ரா அடித்தது.

ஆக, விளக்கு எரிந்த முதல் ராத்திரி 8, ஆட்டக் கணக்கில் முதல் ராத்திரி 9. ஒன்றுதான் முடியும் என்றால் நான் 8-ஐ வாங்குவேன். 8-8-88 என்று வரிசையாக வரும் எண்களுக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பது ஒரு பக்கம். என் காரணம் வேறு: அடித்த ஹோம் ரன்னையே பதிவேட்டிலிருந்து மழை துடைத்துப்போட்ட ஒரு ராத்திரியின் காகிதம் அது. புள்ளிவிவரப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிற பையன் என்றால் 9-ஐக் கேட்பான், அதுவும் நியாயம்தான். அவனையே கேட்டுவிடுங்கள்.

இனி அந்தச் "சான்றிதழ்". விற்பவரே அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றிதழுக்கு நான் காலணா மதிப்புக் கொடுக்க மாட்டேன். அதை அச்சடிக்க யாருக்கும் எந்தத் தகுதியும் தேவையில்லை. 1990-களில் இந்தத் தொழில் எவ்வளவு அழுகிப்போயிருந்தது என்பதற்கு போலிக் கையெழுத்துக் கும்பல்களைத் துரத்திய எஃப்.பி.ஐ.யின் 'ஆப்பரேஷன் புல்பென்' விசாரணையே சாட்சி. சான் டியேகோ பாட்ரஸ் நட்சத்திரம் டோனி க்வின், தன் கையெழுத்து என்று விற்பனைக்கு வைத்திருந்த பொருள்கள் போலி என்று தானே கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர். அந்த வழக்கில் சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா "கையெழுத்திட்ட" பேஸ்பால்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போலிகளோடும் சான்றிதழ் வந்தது.

அதன் விளைவாகத்தான் அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் பேஸ்பால் 2001-ல் தன்னுடைய சொந்தச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. பெரும்பாலும் முன்னாள் அல்லது இந்நாள் காவல்துறையினர் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பந்தோ, களத்தில் பதித்திருக்கும் பேஸோ, மட்டையோ ஆட்டத்தில் பயன்பட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பார்வையிலிருந்து தப்பி கூட்டத்துக்குள் போன பந்துக்குச் சாதாரணமாக ஒட்டுவதில்லை, அதனால்தான் பெரிய சாதனை நெருங்கும்போது முன்கூட்டியே ரகசியக் குறி போட்ட பந்துகளைக் களத்தில் இறக்குகிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை லீகின் தளத்தில் போட்டால் எந்த ஆட்டம், என்ன பொருள் என்று வரும். இதில் நூற்றுக்கு நூறு உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு: 2001-க்கு முந்தைய ஆட்டத்தில் "பயன்பட்ட" பொருள் என்பதற்கு அந்த ஹாலோகிராம் ஆதாரமாகவே முடியாது. பழைய பொருளில் ஹாலோகிராம் இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் அதிகாரி முன்னிலையில் வீரர் அதில் கையெழுத்துப் போட்டார் என்பதற்கானதாக இருக்கும். அப்போது கையெழுத்து அசல், அந்தப் பந்து 1988-ல் களத்தில் இருந்ததா என்பது வேறு கேள்வி. விற்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவது சர்வ சாதாரணம்.

டிக்கெட்டுகளுக்கு பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தருகின்றன. அது பயனுள்ளதுதான், ஆனால் அது சொல்வது காகிதம் அசல், நிலைமை இவ்வளவு என்பது வரைக்கும்தான். உறையையே போலியாகச் செய்பவர்களும் உண்டு, ஆகவே சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்து, படம் இருந்தால் மடிப்பு, கறை, மூலை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள்.

உறை இல்லாத டிக்கெட் என்றால் என் வேலை ஆரம்பிக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஆஃப்செட்டில் அச்சடித்த வண்ணப் பகுதி ஒழுங்கான புள்ளி வரிசையாகத் தெரியும், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் தாறுமாறாகத் தெளித்த புள்ளிகள், எழுத்தைச் சுற்றிலும் நிற்கும். பகுதி எண், வரிசை, இருக்கை எண் இவை மற்ற அச்சின் மேல் தனியாக விழுந்திருக்க வேண்டும். எல்லாமே ஒரே புள்ளிக் கோலத்தில் தெரிந்தால் யாரோ அசலை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கைப் பற்றிப் பலர் சொல்வார்கள்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள் பரவலாகச் சேர்க்கப்பட்டது, ஆகவே 1932 என்று சொல்லப்படும் டிக்கெட் அந்த விளக்கின் கீழ் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1988 டிக்கெட்டுக்கு இந்தச் சோதனையால் பிரயோஜனம் இல்லை, அசலும் ஒளிரலாம். அது மட்டுமில்லை, ஒளிராததால் பழசு என்று நிரூபணம் ஆகிவிடாது. பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து அதில் அச்சடிப்பவன் இந்த விளக்கைத் தாண்டிவிடுவான்.

இதைவிட எளிய சோதனை வரலாறுதான். மைதானத்துக்கு முதலில் வீக்மன் பார்க் என்று பெயர், ஃபெடரல் லீக் என்ற வேறொரு லீக் அணிக்காகக் கட்டியது. கப்ஸ் இங்கே வந்தது 1916-ல். 1920 முதல் கப்ஸ் பார்க், ரிக்லி ஃபீல்ட் என்ற பெயர் 1926-27 வாக்கில் வந்தது. ஆக 1914-ஆம் வருடத்துத் தேதி போட்டு "ரிக்லி ஃபீல்ட்" என்று அச்சடித்த எதையும் கையால்கூடத் தொட வேண்டாம். பந்துகளிலும் இப்படி ஒன்று உண்டு. 2000-க்கு முன்னால் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளான நேஷனல் லீகுக்கும் அமெரிக்கன் லீகுக்கும் தனித்தனிப் பந்து, அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து பந்தின் மேல் அச்சாகியிருக்கும். 1988-ல் நேஷனல் லீக் தலைவர் பார்ட் ஜியமாட்டி. 1998-ல் லெனர்ட் கோல்மன். 1976 வரை பந்து செய்தது ஸ்பால்டிங், 1977 முதல் ராலிங்ஸ். கப்ஸ் பந்துவீச்சாளர் கெர்ரி வுட் 1998-ல் வீசிய பந்து என்று சொல்லி, பின்னாளில் பந்தில் இடம்பிடித்த ஆணையர் பட் செலிக் கையெழுத்து அச்சான பந்தைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் பெயர் சரியாக இருப்பது பந்து அந்த ஆட்டத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரமாகாது. அதே அச்சுப் பந்துகள் கடையிலும் கிடைத்தன, அதன் மேல் கொஞ்சம் சேறு தேய்க்க யாருக்கும் முடியும்.

இந்தச் சந்தேகத்தினால்தான் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் பந்தைச் சொல்வதில்லை. ரிக்லி விஷயத்தில் கூடுதலாக ஒரு வேடிக்கை வேறு. எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தைத் திரும்பக் களத்துக்குள் வீசியெறிவது இங்கே பழக்கம். விவரமான ஆட்கள் பையில் ஒரு பழைய பந்தை வைத்திருந்து அதை எறிந்துவிட்டு அசலை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பந்தின் கதை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதை பந்தின் மேல் எழுதியிருக்காது. டிக்கெட்டில் தேதி, எதிரணி, இருக்கை எல்லாம் அதிலேயே இருக்கிறது. பொருளோடு வரும் கடிதத்தை எடுத்துவிட்டாலும் பொருள் தானே தன் நாளைச் சொல்ல வேண்டும், நான் வாங்குவதற்கு வைத்திருக்கும் அளவுகோல் அவ்வளவுதான்.

பெரிய பணம் புழங்கும் இடத்திலும் இதே கதைதான் என்பதற்கு நியூயார்க் யாங்கீஸ் ஜாம்பவான் பேப் ரூத் சட்டையைப் பாருங்கள். 1932 அக்டோபர் 1, உலகத் தொடரின் (வருடக் கடைசியில் சாம்பியனை முடிவுசெய்யும் தொடர்) மூன்றாவது ஆட்டம், ரிக்லியில் ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்தார் என்பது ஐதிகம். அவர் உண்மையில் எங்கே அடிக்கப்போகிறார் என்று சுட்டினாரா, எதிரணி வீரர்களைப் பார்த்துச் சைகை செய்தாரா என்பது இன்றுவரை முடியாத சண்டை. ஹோம் ரன் மட்டும் உறுதி. ஒரு யாங்கீஸ் சட்டை 2005-ல் ரூத்துடையது என்ற அளவில் 9,40,000 டாலருக்கு விற்றது. பிறகு பழைய புகைப்படங்களோடு எழுத்துத் தையல், கோடுகளின் இடம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு அன்றைய ஆட்டத்தில் போட்டிருந்த அதே சட்டை என்று நிபுணர்கள் சொன்ன பின், 2024 ஆகஸ்டில் 2.4 கோடி டாலருக்கு மேல் போனது. சட்டையில் ஒரு நூல்கூட மாறவில்லை.

உங்கள் பட்ஜெட்டில், எல்லோரும் துரத்தும் தேதிகளை விட்டுவிட்டுச் சற்று ஓரமாகத் தேடினால் நல்ல பொருள் அகப்படும். எனக்குப் பிடித்தது 1985 செப்டம்பர் 8. சின்சினாட்டியின் பீட் ரோஸ் அன்று ரிக்லியில் இரண்டு ஹிட் (பந்தை அடித்து ஓடி பேஸை எட்டுவது) அடித்து, பழைய நட்சத்திரம் டை கோப் (Ty Cobb) வைத்திருந்த 4,191 ஹிட் சாதனையைச் சமன் செய்தார். விளக்கு இல்லாததால் இருட்டி, மழையும் சேர்ந்து ஆட்டம் 5-5 சமனில் முடிந்தது. சாதனையை முறியடித்த 4,192 மூன்று நாள் கழித்து சின்சினாட்டியில் வந்ததால் சந்தை முழுக்க அந்தப் பக்கம் ஓடுகிறது. ஆனால் பழைய பதிவுகளை மறுபடி கணக்குப் போட்ட ஆய்வாளர்கள் கோப்புக்கு ஒரு ஆட்டத்தை இரண்டு முறை சேர்த்துவிட்டார்கள், உண்மையில் 4,189-தான் என்கிறார்கள். லீக் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வது சரி என்றால் சாதனை முறிந்தது ரிக்லியில், அந்த இருட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை. இந்த வழக்கு காகிதத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது, ஒரு பையனுக்கு இதைவிட நல்ல பொருள் எது?

1998 மே 6 வேறு வகை. இருபது வயது கெர்ரி வுட் தன் ஐந்தாவது ஆட்டத்திலேயே ஹூஸ்டன் அணிக்கு எதிராக இருபது ஸ்ட்ரைக் அவுட் (பந்து வீசியே ஆட்டக்காரரை வெளியேற்றுவது) எடுத்தார். அன்று வந்தவர்கள் 15,758 பேர்தான், ஆகவே கிழித்த டிக்கெட் இயல்பாகவே குறைவு, விலை அதற்கேற்ப இருக்கும். 1970 மே 12 கப்ஸ் நட்சத்திரம் எர்னி பேங்க்ஸின் 500-ஆவது ஹோம் ரன்னைப் பார்க்க வந்தவர்கள் 5,264 பேர். அந்தத் தேதி டிக்கெட் மலிவாகக் கண்ணில் பட்டால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம் முதலில் வரட்டும். 1979 மே 17 ஃபிலீஸ் 23, கப்ஸ் 22 என்று முடிந்த ஆட்டம் விலைக்கும் வேடிக்கைக்கும் நடுவில் நிற்கும்.

ஸ்கோர்கார்டையும் ஒதுக்காதீர்கள். ரசிகர் பென்சிலால் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் குறித்துவைத்த பழைய கார்டு எனக்கு டிக்கெட்டைவிட நெருக்கமானது. சிக்கல் என்னவென்றால் பல கார்டுகளில் தேதி அச்சாகியிருக்காது, உள்ளே எழுதியதுதான் ஆதாரம், வெற்றுக் கார்டு கிடைத்தால் இன்று உட்கார்ந்து நிரப்பிவிடலாம். ரெட்ரோஷீட் தளத்தில் பழைய ஆட்டங்கள் பலவற்றில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் என்ன செய்தார் என்ற விவரம் இலவசமாக இருக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள். இதில் ஒரு தலைகீழ் விதி உண்டு: எல்லாம் சுத்தமாக ஒத்துப்போனால் பயப்படுங்கள். மைதானத்தில் உட்கார்ந்து ஹாட்டாக் தின்றுகொண்டே எழுதுபவர் எங்கேயாவது ஒன்றை விட்டிருப்பார், அடித்துத் திருத்தியிருப்பார், எட்டாவது இன்னிங்ஸில் ரயிலைப் பிடிக்க எழுந்து போயிருப்பார்.

விலை ஏறுமா? 2020-க்குப் பிறகு பழைய டிக்கெட் விலைகள் துள்ளின என்பது உண்மை. மேஜர் லீகில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் முதல் ஆட்டத்து (1947 ஏப்ரல் 15) ஸ்டப் (வாசலில் கிழித்தபின் மிஞ்சும் டிக்கெட் துண்டு) ஒன்று 2022-ல் 4,80,000 டாலருக்குப் போனது. அது புரூக்ளின் மைதானம், அமெரிக்க வரலாற்றையே திருப்பிய ஆட்டம். அதை வைத்து உங்கள் 1988 டிக்கெட்டுக்குக் கணக்குப் போட வேண்டாம். 1988 ஆகஸ்ட் 8 அன்று 39,000 பேர் உள்ளே இருந்தார்கள், அது சரித்திரம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், ஆகவே பத்திரப்படுத்தி வைத்தவர்களும் அதிகம். வுட் ஆட்டத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஸ்டப்பைப் பாதுகாத்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் போடுங்கள். இது பையனோடு உட்கார்ந்து பேச வாங்குவது. ஏல நிறுவனத்தில் வாங்கினால் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஐந்தில் ஒரு பங்கு வரைகூட, சில இடங்களில் அதற்கு மேலும் சேரும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு கை தூக்குங்கள்.

இனி நடக்கும் ஆட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிக்கெட் எல்லாம் போனுக்குள் போய்விட்டது, கிழிக்கக் காகிதம் இல்லை. பிறகு விற்கும் "நினைவு டிக்கெட்" அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் வாசலைத் தாண்டவில்லை. வீட்டில் பிரிண்ட் எடுத்த பி.டி.எஃப். தாளும் அப்படித்தான், எப்போது வேண்டுமானாலும் திரும்ப அடிக்கலாம். 2016-ல் கப்ஸ் 108 வருடம் கழித்து உலகத் தொடரை ஜெயித்தபோது ரிக்லிச் சுவரில் படர்ந்த ஐவி கொடியின் இலைகளைக்கூட பிரேம் போட்டு ஒன்று 200 டாலருக்கு விற்றார்கள். அசல்தான், சந்தேகமில்லை, ஆனால் ஒரு இலைக்கு 200 டாலர் கொடுக்க எனக்கு மனசு வராது. கடைசி ஆட்டம் நடந்ததும் ரிக்லியில் இல்லை, கிளீவ்லாந்தில். ரிக்லியின் நாள் என்றால் அக்டோபர் 22, டாட்ஜர்ஸை 5-0 என்று தோற்கடித்து 1945-க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடருக்குத் தகுதி பெற்ற நாள், அந்தக் காகித டிக்கெட் இன்னும் தேடினால் கிடைக்கும். இனிமேல் மகனைக் கூட்டிக்கொண்டு போகும் ஆட்டங்களில் ஒரு ஸ்கோர்கார்டு வாங்கி அவன் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள், தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது என் தொழில் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். லாமினேட் செய்யாதீர்கள், பசை ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் வைக்காதீர்கள், இரண்டிலிருந்தும் காகிதத்தை முழுசாக மீட்க முடியாது. பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், அமிலமில்லாத அட்டைப் பெட்டி வாங்குங்கள். வெப்பத்தால் எழுத்து விழும் காகிதத்தில் அடித்த பிற்கால டிக்கெட்டுகள் வெயிலிலும் சூட்டிலும் வெளிறியோ கறுத்தோ போய்விடும், அவற்றை வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். சுவரில் மாட்ட ஆசை என்றால் நல்ல நகலை மாட்டி அசலைப் பெட்டியில் வையுங்கள். ஹாலோகிராம் ஒட்டிய பொருள் வாங்கினால் ஸ்டிக்கரை நகத்தால்கூடச் சீண்டாதீர்கள், உரித்தால் சிதையும்படி செய்தது அது. பெட்டியை எங்கே வைப்பது என்றால் படுக்கையறை அலமாரி போதும், சிகாகோ வீட்டு பேஸ்மென்ட் மட்டும் கூடாது. கோடையில் ஈரம், பெருமழை வந்தால் தரையிலிருந்து தண்ணீரே வரும்.